பந்தெலிஸ் வீட்டு ஜன்னல்

தன் கல்யாணத்தன்றே மாப்பிள்ளை ஊமையாய்ப் போயிருந்தால் தேவலை என்று எர்கினா பின்னால் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். அன்றைக்குப் பெண் வீட்டார் ஊற்றிக் கொடுத்த ரக்கிச் சாராயத்தை மாப்பிள்ளை பந்தெலிஸ் ஒரே மடக்கில் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, நிறைந்த சபையில், "நல்ல சரக்குதான், ஜன்னல் துடைக்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எர்கினாவும் வெட்கத்தில் சிரித்துவைத்தாள். அவள் தம்பி மனூசோஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவன் வீட்டு ரக்கி அது.

கிரீட் தீவின் அந்த மலையூரில் ஒருத்தன் பெண்டாட்டியைக் குறை சொன்னாலும் பொறுத்துக்கொள்வான், ரக்கியைக் குறை சொன்னால் பொறுக்கமாட்டான். திராட்சையைப் பிழிந்து ஒயினுக்கு எடுத்தது போக மிஞ்சுகிற சக்கையைப் புளிக்கவைத்துக் கொப்பரையில் ஏற்றி, சொட்டுச் சொட்டாக இறக்குவது. பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். ஊருக்கெல்லாம் ஒரே கொப்பரை, ஒரே சீஃபிஸ் கிழவன்தான் காய்ச்சித் தருவான். ஆனாலும் அவனவன் ரக்கிதான் அவனவனுக்கு அமிர்தம். அடுத்தவனுடையது தலைவலி.

பந்தெலிஸுக்கு எதையும் வீணாக்க மனசு வராது. கொப்பரை கடைசியில் விடுகிற நீர்த்துப்போன புளிச்ச வாடைச் சாராயத்துக்கு வால் என்று பெயர். மற்றவர்கள் அதைத் தனியே ஒதுக்கிவிடுவார்கள். பந்தெலிஸ் அதையும் சேர்த்துப் பிடிப்பான். வாலில்லாத மாடு உண்டா என்பான். அந்த ரக்கியைக் குடித்த விருந்தாளிகள் கண்ணில் தண்ணீர் வரும். அவர்கள் உருகிப்போய்விட்டதாக அவன் நினைத்துக்கொள்வான்.

எர்கினா தட்டில் கிண்ணம் கிண்ணமாகச் சுமந்ததோடு சரி. நாக்கில் வைத்ததில்லை. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அவள் அம்மா நெஞ்சிலும் முதுகிலும் ரக்கியைப் போட்டுத் தேய்ப்பாள். அதனால் ரக்கி என்றாலே அவளுக்குக் காய்ச்சல் வாடை. குடிக்கமாட்டேன் என்றால் மாட்டேன்தான். பந்தெலிஸும் கேட்டுப் பார்த்து விட்டுவிட்டான்.

இப்படியே காலம் போயிருக்கும். ஒரு வருஷம் ஈஸ்டருக்கு முன்னால், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப் பெரிய குடுவையை நகர்த்தினாள். வருஷம் முழுக்க வேண்டிய ரக்கி அத்தனையும் பிரம்புக் கூடை போட்ட அந்த ஒரே கண்ணாடிக் குடுவையில்தான் இருந்தது. கை வழுக்கிவிட்டது. கல்தரை மொத்தத்தையும் குடித்துவிட்டது.

கொட்டிய பாலுக்கு அழுவார்கள், இதற்கு யாரிடம் அழுவது? ஜூலையில் பந்தெலிஸின் பெயர்நாள், அவன் பெயர்கொண்ட புனிதரின் திருநாள், வருகிறது. அன்றைக்கு ஊரே அழைக்காமல் வரும். வருகிறவர்களுக்குத் தன் கையால் தன் ரக்கியை ஊற்றாத ஆம்பிளை கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியதுதான். கதவைச் சாத்திய வீட்டைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று அவளுக்குத் தெரியும், இத்தனை நாள் அவளும் சேர்ந்து பேசியவள்தானே. கண்ணாடிச் சில்லுகளை அத்திமரத்தடியில் புதைத்துவிட்டு நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள்.

மனூசோஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டான். பேசினால் சிரித்துவிடுவோம் என்று பயந்திருப்பான். பிறகு ஒரு நிறைகுடுவையை அதே மாதிரிப் பிரம்புக் கூடையோடு கொண்டுவந்து வைத்தான். ஊரில் மூச்சு விடமாட்டேன் என்று சத்தியமும் பண்ணினான்.

"காசு வேணாம் அக்கா. அத்தான் முதல் வாய் குடிக்கிறப்ப மூஞ்சி எப்படிப் போகுதுன்னு மட்டும் பாத்துச் சொல்லு. அது போதும் எனக்கு."

வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தம்பி வாலைச் சேர்க்கிறவன் இல்லை. இது வேறு ருசியாக இருக்குமே, பந்தெலிஸ் கண்டுபிடித்துவிடுவானே. அப்படியானால் ஒரே வழி, இதைக் கெடுத்துப் புருஷனுடையது மாதிரி ஆக்க வேண்டும். கெடுத்தது சரியாகக் கெட்டிருக்கிறதா என்று குடித்துத்தான் பார்க்க வேண்டும். வேறு யார் குடிப்பது, கோழியா?

பந்தெலிஸ் மத்தியானம் குறட்டை விடுகிற நேரத்தில் அடுப்படியில் உட்கார்ந்தாள். முதலில் அவனுடையது எப்படி இருக்குமென்று தெரிய, பழைய சீசாவின் அடியில் ஒட்டிக்கிடந்ததைக் குடித்தாள். புளிச்சது. கசந்தது. கந்தல் துணி எரிகிற வாடை. இதையா இத்தனை வருஷம் சனங்களுக்குக் கொடுத்தேன் என்று நெஞ்சில் கை வைத்தாள். பிறகு தம்பியுடையதைக் குடித்தாள். முதலில் அதுவும் சுட்டது. சுட்டு அடங்கியபின் ஒன்று வந்தது. திராட்சை மிதிக்கிற தொட்டிக்குள் குனிந்தால் மூக்கில் ஏறுமே, அந்த மணம். நெஞ்சுக்குள் வெயில் அடித்தது. காய்ச்சல் வாடையைத் தேடினாள், கிடைக்கவில்லை. சரியாகப் பார்த்துவிடுவோம் என்று ஒரு ஆலிவ் காயைக் கடித்துக்கொண்டு இன்னொரு கிண்ணம் ஊற்றிக்கொண்டாள்.

மறுநாள் தண்ணீரைக் கலந்தாள். அதற்கு மறுநாள் திராட்சைக் காடி ஒரு சொட்டு. அப்புறம் கருக்கிய அத்திப்பழம். ஒவ்வொரு தடவையும் கெடாததை முதலில் குடித்து வாயைச் சுத்தப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. கடமை என்று வந்தபின் சுணங்க முடியுமா? பந்தெலிஸ்கூட, சுண்ணாம்பு அடித்தது உனக்கு ஒத்துக்கொண்டது, முகத்தில் ரத்தம் ஊறியிருக்கிறதே என்றான்.

ஒரு மத்தியானம் ஒரு கிண்ணம் கச்சிதமாக அமைந்துவிட்டது. அச்சு அசல் பந்தெலிஸின் ரக்கி. அதையும் குடுவையையும் மாறி மாறிப் பார்த்தாள். வாயில்லா ஜீவனுக்குக்கூட இந்தப் பாவத்தைச் செய்யமாட்டார்கள் என்று தோன்றியது. கிண்ணத்தைச் சாக்கடையில் கவிழ்த்தாள். தம்பியின் ரக்கியை அப்படியே ஊற்றி ஈஸ்டர் விருந்தில் புருஷன் முன்னால் வைத்துவிட்டு, அடுப்பைக் கிளறுகிற சாக்கில் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

பந்தெலிஸ் குடித்தான். நிறுத்தினான். கிண்ணத்துக்குள் பார்த்தான். இன்னொன்று ஊற்றச் சொன்னான். இருக்க இருக்கத்தான் ரக்கி பழுக்கும், பொறுமை வேண்டும், உன் தம்பிக்கு அது கிடையாது என்றான். அவளுக்கு உயிர் வந்தது. அவன் முகம் வெண்ணெய் மாதிரி இளகியதைத் தம்பியிடம் போய்ச் சொன்னாள். அவன் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டான்.

பெயர்நாளன்று வந்தவர்கள் யார் கண்ணிலும் தண்ணீர் வரவில்லை. கேட்டு வாங்கிக் குடித்தார்கள். பந்தெலிஸ் வாலின் பெருமையைப் பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். மனூசோஸ் கையில் ஒரு கிண்ணத்தைத் திணித்து, "குடிச்சுக் கத்துக்க மச்சான்" என்றான். மனூசோஸ் குடித்துவிட்டு, இந்த வீட்டில் இப்படியொரு ரக்கி குடித்ததே இல்லை என்று மனதாரச் சொன்னான். சொன்னது சத்தியம்தானே.

நவம்பரில் கொப்பரை ஏறியது. சீஃபிஸின் கொட்டகையில் எல்லாரும் கூடியிருந்தார்கள்; தணலில் உருளைக்கிழங்கு, தட்டில் மாதுளை முத்து. மனூசோஸின் முறை. குழாயிலிருந்து இளஞ்சூடாக விழுந்ததைப் பந்தெலிஸ் வாங்கிக் குடித்தான். வழக்கம்போல, ஜன்னல் துடைக்கத்தான் ஆகும் என்றான்.

மனூசோஸ் எத்தனை மாசம்தான் அடக்குவான்? "அப்படின்னா இந்த வருஷம் உங்க வீட்டு ஜன்னல் பளபளன்னு இருக்கணுமே அத்தான்."

தணலில் இருந்து எடுத்த கிழங்கு எர்கினாவின் கையைச் சுட்டது. கீழே போடத் தோன்றவில்லை. கொட்டகையே பந்தெலிஸின் வாயைப் பார்த்தது.

அவன் கிண்ணத்தை நிதானமாக முடித்தான். "ஆமா. ஈஸ்டர்ல இருந்தே பளபளன்னுதான் இருக்கு," என்றான். "அத்திமரத்தடியில கோழி கண்ணாடிச் சில்லைக் கிளறினப்பவே தெரியும். சொல்லியிருந்தா இவ திருப்பிக் கொண்டுபோய்க் குடுத்திருப்பா."

சிரிப்பில் சீஃபிஸ் விறகு போட மறந்துவிட்டான். பந்தெலிஸ் மட்டும் எதுவும் நடக்காதது போல மாதுளையைக் கொறித்தான்.

அடுத்து அவன் முறை. சாயங்காலம் நெருங்கும்போது குழாயில் வேகம் குறைந்தது. கடைசிச் சொட்டு வரை ஓடட்டும் என்றான் பந்தெலிஸ். எர்கினா எழுந்துபோய், எல்லாரும் பார்க்க, குழாயில் ஒரு கிண்ணத்தைப் பிடித்துக் குடித்தாள். அவள் குடித்து ஊர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"போதும். நிறுத்துங்க," என்றாள்.

பந்தெலிஸ் அவளைப் பார்த்தான். மச்சானைப் பார்த்தான். ஒத்துக்கொண்டால் இத்தனை வருஷமும் பொய்யாகிவிடும். மறுத்தால் வருஷம் முழுக்க அதையே குடிக்க வேண்டும். சீஃபிஸ் பக்கம் திரும்பி, "வாலைத் தனியாப் பிடிச்சு வை. ஜன்னலுக்கு வேணும்ல," என்றான்.

அடுத்த ஈஸ்டர் வந்தது. எர்கினா சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டிருந்தாள். காப்பிக்கடைக்குக் கிளம்பிய பந்தெலிஸ் வாசலில் நின்றான்.

"குடுவைய நகத்துறப்பக் கை தவறினா தவறட்டும். மனசைப் போட்டு அலட்டிக்காத. உன் தம்பி வீடு பக்கத்துலதான் இருக்கு."

அவள் குடுவையைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் அணைத்து நகர்த்தினாள். இந்தத் தடவை உள்ளே இருந்தது வால் சேராமல் அவள் நிறுத்தச் சொன்ன ரக்கி.