கோதுமை எங்கிருந்து வந்தது?

என் மகளுக்குக் கோதுமை ஆகாது என்று புத்தூர் டாக்டர் சொன்னபோது அவளுக்கு ஏழு வயது. அதற்கு முன்பு ஒரு வருஷமாக வயிறு உப்பி, கைகால் குச்சியாகிக் கிடந்தாள். தின்றது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. "கோதுமை, மைதா, ரவை, எதுவும் துளிகூட உள்ளே போகக் கூடாதும்மா. போனா பிள்ளை தேறாது" என்றார். நேரம் பார்த்து வந்தது பாருங்கள்! அரிசிக்குத் தட்டுப்பாடு வந்து, ஸ்ரீரங்கம் முழுக்க ரேஷன் கோதுமையைத் தின்றுகொண்டிருந்த காலம் அது.

கிடைத்த அரிசியை அவளுக்கென்றே ஒதுக்கியதால் இட்லி, சாதம் என்றால் கவலையில்லை. இவளுக்கு வேண்டியது சாண்ட்விச். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் பெண் கொண்டுவருகிறாளாம். நானும் ஒரு வழி கண்டுபிடித்தேன். அரிசி மாவில் உப்புப் போட்டு, கொதிக்கிற வெந்நீர் விட்டுப் பிசைந்து, வாழை இலையில் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டித் தோசைக்கல்லில் போடுவேன். அது வேகிற நேரத்தில் ஒரு முட்டையை வெங்காயம், மிளகு சேர்த்து அடித்து ஊற்றிவிடுவேன். இரண்டு ரொட்டிக்கு நடுவில் முட்டையை வைத்து அமுக்கினால் தீர்ந்தது வேலை. "அவளோடதைவிட என்னுது பெருசும்மா!" என்று நின்றுகொண்டே தின்பாள்.

அப்படியே கொஞ்சம் தேறியும் வந்தாள். அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரரின் அக்கா, கணவர் போனபிறகு, வையம்பட்டியிலிருந்து எங்களோடு இருக்க வந்தார். அண்ணி நல்லவர்தான், கை சும்மா இருக்காது. நான் உரலில் மாவு இடிப்பதைப் பார்த்துவிட்டு, "நீ ஏன் இடுப்பை ஒடிச்சுக்கறே? நான் மில்லுல அரைச்சுட்டு வரேன்" என்று அந்த வேலையை வாங்கிக்கொண்டார். ஆனால் வந்த அன்றே, "டாக்டர் கெடக்காரு! கோதுமை தின்னாத்தானே ஒடம்புல பலம் ஏறும்" என்று ஒரு வார்த்தை விட்டார். நான் மறக்கவில்லை.

சில வாரங்களில் மகளுக்குப் பழையபடி வயிறு உப்பி, வயிற்றுப்போக்கும் ஆரம்பித்தது. எனக்குச் சுருக்கென்றது. யாரோ திருட்டுத்தனமாகக் கொடுக்கிறார்கள், வேறு எப்படி? முதலில் வீட்டுக்காரரின் சட்டைப் பையில் பன் துணுக்கு இருக்கிறதா என்று உதறிப் பார்த்தேன். "சத்தியமா இல்லடி, ஆளை விடு" என்றார் மனுஷர். சரி, அண்ணிதான். அவர் காவிரிக்குக் குளிக்கப் போனபோது டிரங்குப் பெட்டியைத் திறந்து துழாவினேன். அவர் மடியில் உட்கார்ந்து எழுந்த பிள்ளையின் வாயை முகர்ந்தேன். ஒன்றுமே அகப்படவில்லை. அகப்படாததால் சந்தேகம் இன்னும் கூடியது. பலே கெட்டிக்காரி, தடயமே வைக்கவில்லை என்று பல்லைக் கடித்தேன். பிள்ளையோ நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு விடுமுறை நாள், அரிசி டின்னோடு அண்ணி பிள்ளையையும் மில்லுக்கு அழைத்துப் போனார். போகிற வழியில் பேக்கரி இருக்கிறது. இன்றைக்கு மாட்டினார் என்று நானும் பின்னாலேயே போனேன். பேக்கரி வந்தது. மகள் கண்ணாடியைப் பார்த்து நின்றாள். அண்ணி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது!

மில்லில் இருந்தது ஒரே ஒரு இயந்திரம். எதிர்ப்பக்கம் நின்ற கட்டை வண்டிக்குப் பின்னால் மறைந்துகொண்டேன். அண்ணிக்கு முன்னால் ஒருத்தி மிளகாய் அரைத்து முடித்தாள். "வாங்கம்மா, கொட்டுங்க" என்றார் மில்காரர்.

"ஐயையோ! காரம் ஏறிடுங்க. வயிறு சரியில்லாத பிள்ளைக்குப் போற மாவு. எப்பவும்போல யாராச்சும் கோதுமை அரைக்கட்டும், காரம் போனப்புறம் என்னுதைப் போடறேன்" என்றார் அண்ணி.

சொன்னபடியே ஒதுங்கி நின்று, பின்னால் இருந்தவர்களை முன்னால் விட்டார். அவர்களின் ரேஷன் கோதுமை அரைபட்டது. உடனே அதே வாயில் எங்கள் அரிசியைக் கொட்டினார். முதலில் விழுந்த மாவு பழுப்பாக விழுந்தது. அதையும் டின்னில்தான் பிடித்தார்.

"நிறுத்துங்க!" என்று தெருவைத் தாண்டி ஓடினேன். "அண்ணி, உள்ளே தங்கியிருக்கிற கோதுமை மாவு அத்தனையும் நம்ம அரிசியோடதானே வருது!"

அண்ணி டின்னுக்குள் பார்த்தார். "அப்போ வாராவாரம் நான்தான் கொடுத்தேனா?" என்றார். டின்னை ஓரமாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீ என் பின்னாடியேவா வந்தே?"

"ஆமா அண்ணி." பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நல்லவேளை, சந்தேகப்பட்டே. இல்லேன்னா என் கையாலேயே பிள்ளையைக் கொன்னிருப்பேன்."

மறுபடியும் உரலுக்கே திரும்பினோம். மகள் தேறினாள், கன்னம்கூட வைத்தது. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் அண்ணி இருந்தவரைக்கும், "கொடுக்கலாமா?" என்று என்னைக் கேட்காமல் அவளுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை.