டிக்கியில் இருந்த பெட்டி

எழுபத்திரண்டு வயதில் எனக்கு இருக்கும் ஒரே பொழுதுபோக்கு, இலக்கு பார்த்துச் சுடும் கிளப். அந்த ஞாயிற்றுக்கிழமை பயிற்சி முடிந்து நேராக வீட்டுக்குப் போகாமல், ஏவன்டேல் சந்தையில் காரை நிறுத்தினேன். கைத்துப்பாக்கி டிக்கியில் இருந்தது. அதன் பெட்டிக்கு ஒரு பூட்டு, அதைக் காரோடு பிணைத்த சங்கிலிக்கு ஒரு பூட்டு, தோட்டாக்களுக்குத் தனிப் பூட்டு. மூன்றையும் இரண்டிரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கீரை வாங்கப் போனேன்.

இருபது நிமிடம் கழித்துத் திரும்பினேன். டிக்கி திறந்திருந்தது. அதன் முன்னால் ஒருவர் தூறலில் நனைந்தபடி நின்றார்.

“ஐயா, உங்கட காரோ? டிக்கி சரியாப் பூட்டேல்ல. ரெண்டு பேர் எட்டிப் பாத்தவங்கள். அதுதான் நிக்கிறன்.”

பெட்டி அப்படியே இருந்தது. சங்கிலியை இழுத்துப் பார்த்தேன். “உள்ள துப்பாக்கி இருக்குங்க” என்று சொல்லிவிட்டேன்.

அவர் ஓரடி பின்வாங்கினார். “இதை வச்சுக்கொண்டோ கீரை வாங்கப் போனனீங்கள்? என்ர பிள்ளையள் பக்கத்துக் காரில இருக்குதுகள்.”

அந்தக் காரின் பின் இருக்கையிலிருந்து இரண்டு சிறுமிகள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

துப்பாக்கியைக் காரில் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பது எனக்குத் தெரிந்த விதிதான். அன்றுவரை அதை என் லைசென்ஸைக் காப்பாற்றிக்கொள்ளும் விதியாக மட்டுமே நினைத்திருந்தேன்.