இருப்பு: முயல் இரண்டு

என் வீட்டுக்காரருக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த பட்டப்பெயர் 'ரசீது'. அங்கே கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். நான் கொத்தமல்லிக் கட்டு வாங்கி வந்தால்கூட "சீட்டு எங்கே?" என்பார். இந்த மனுஷனோடு இத்தனை வருடம் குப்பை கொட்டியதற்கு எனக்குத்தான் பதக்கம் தரவேண்டும்.

போன வருடம் மேலிடத்திலிருந்து பள்ளிக்கு ஊக்கத்தொகை வந்தது. மதிப்பெண்ணில் அதிகம் முன்னேறும் வகுப்புக்குப் பரிசு. வாங்கிய பரிசு பத்திரமாக இருக்கிறதா என்று தணிக்கை அதிகாரி வந்து எண்ணிப் பார்ப்பார். ஜெயித்த பிள்ளைகளோ கோப்பை வேண்டாம், முயல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். இவரும் ஒரு ஜோடி வாங்கி, ரசீதை ஒட்டி, 'இருப்பு: முயல் இரண்டு' என்று பதிவேட்டில் எழுதிவைத்தார். அதை முயல்களிடம் யார் சொல்வது? தணிக்கை நெருங்கும்போது கூண்டில் பதினாலு!

"கூடுதலா இருந்தாலும் தப்புதாம்மா. ஆட்சேபம்னு எழுதிட்டாங்கன்னா தீந்துது. அடுத்த மாசம் ரிட்டயர் ஆகறேன், பென்ஷன் நின்னுடும்" என்றார் அழாக்குறையாக. இரண்டை மட்டும் கூண்டில் விட்டு, மிச்சத்தை எங்கள் குளியலறையில் அடைத்தோம்.

பள்ளியில் முயல்களை எண்ணிப் பார்த்த அதிகாரி திருப்தியாகத் தலையாட்டினாராம். அதோடு விட்டிருக்கலாம். இவர் மரியாதை பொங்கி, "வீடு பக்கத்துலதான் சார், ஒரு வாய் டீ" என்று கையோடு அழைத்துவந்துவிட்டார். புத்தியை எங்கே அடகு வைத்தாரோ! வந்தவர் கை கழுவப் போய்க் குளியலறைக் கதவைத் திறந்தார். அவர் கால் மேலேயே ஏறிக் குதித்துக் கூடமெல்லாம் முயல்.

"என்னங்க இது?" என்றார் அதிகாரி.

இவர் குனிந்து ஒன்றையாவது பிடிக்கப் பார்த்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"முன்னேற்றம் சார்! அதுக்குத்தானே பணம் குடுத்தீங்க? பசங்க முயலோட விளையாடி விளையாடி மார்க்கைக் கோட்டை விட்டுட்டாங்க. இந்தத் திட்டத்துல முன்னேறினது இதுங்கதான். எழுதிக்கோங்க!"

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். "காணாம போனா எழுத இடம் இருக்கும்மா. குட்டி போட்டா எங்க எழுதறது? என் பேத்திக்கு ரெண்டு குடுங்க. நான் எதையும் பாக்கலை."

இரண்டு முயலோடு கிளம்பியவரை இவர் அப்படியே போகவிட்டிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? வாசல்வரை பின்னாலேயே ஓடினார்.

"சார், ஒரு ரசீது!"

தலையில் அடித்துக்கொண்டேன். ஆனாலும் அந்த நல்ல மனிதர், 'முயல் இரண்டு பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பென்ஷன் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது. போன வாரம் அதிகாரி போன் செய்தார்.

"அம்மா, நான் ரெண்டுன்னுதானே கையெழுத்துப் போட்டேன்? இங்க ஒம்பது நிக்குது. என்ன பண்றது?"

"உங்க வீட்டுக் குளியலறை பெருசா சார்?" என்று கேட்டேன்.