கவர்னரிடம் கொடுத்த சாவி

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஜூன் 19. கதவு தட்டப்பட்ட ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைப் பார்த்தேன். அதனால் நேரத்தோடு சொல்கிறேன்.

கோவாவில், ஆற்றோரப் பழைய கோட்டையில் உட்கார்ந்து, டோம் பெல்கியோர் என்ற போர்த்துகீசிய கவர்னரின் வாழ்க்கையை எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று முற்றுகைகளை முறியடித்த தளபதி. அந்தி மணி அடித்ததும் கோட்டைக் கதவைப் பூட்டிச் சாவியை அவர் கையில் கொடுக்க வேண்டும். விடியும்வரை யாருக்கும் திறக்கக் கூடாது. அவரே போட்ட உத்தரவு. கடைசி முற்றுகையில் ஒரு மழை நாள், அவர் மனைவியின் படகு தாமதமாக வந்தது. கதவு திறக்கவில்லை. விடிந்தபோது வெளியே அவள் பிணம் கிடந்தது. கடமை தவறாதவர் என்று எல்லாப் புத்தகங்களும் அவரைப் புகழ்கின்றன.

காவலாளி இனாஸ் இன்றும் அந்தியில் கதவைப் பூட்டி, கவர்னர் படத்தின் கீழே ஆணியில் சாவியை மாட்டுவான். "கவர்னர்கிட்ட குடுத்தாச்சு!" என்று ஒரு கத்தல்.

அன்று பெருமழை. இனாஸ் என்னைப் 'பாத்ராவ்' என்றுதான் கூப்பிடுவான்; முதலாளி என்று அர்த்தம்.

"என்ன பாத்ராவ், இங்கயே படுக்கையா? கவர்னர் குறட்டை விடுவாரு, பாத்துக்குங்க."

"வீட்ல மட்டும் யாரு இருக்கா?"

அவன் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, கோட்டைக்குள்ளேயே இருந்த தன் அறைக்குப் போனான்.

என் மனைவி லீரா இறந்து பதினொரு மாதம். பார்வை நேரம் முடிந்தது என்று ஆஸ்பத்திரிக் கதவைச் சாத்தினார்கள். சரி என்று வெளியே உட்கார்ந்துவிட்டேன். விடியும்வரை உள்ளே என்னைக் கூப்பிட்டாளாம்.

மணி 7.12. டக்... டக்... டக்...

கோட்டைக் கதவு.

"யாரு?"

"நான்தான். நனையறேன்... திற."

லீராவின் குரல். அதே இருமல்.

படத்திடம் ஓடினேன். ஆணியில் சாவி இல்லை. தரையில் இல்லை. மேசையில் இல்லை. இனாஸின் அறைக் கதவை உதைத்தேன். பதில் இல்லை.

7.40. டக்... டக்...

"சாவி கிடைக்கல லீரா!"

"போன தடவையும் இப்படித்தான்... வரவேயில்ல."

தோளால் முட்டினேன். தேக்குக் கதவு. அசையவில்லை.

9.05. ஒரே ஒரு தட்டல்.

பிறகு... மழை மட்டும்.

காலை ஆறு மணிக்கு, கதவடியில் கிடந்த என்னை இனாஸ் எழுப்பினான்.

"ராத்திரி பூரா முழிச்சுத்தான் இருந்தேன். ஒரு சத்தமும் கேக்கலயே பாத்ராவ்."

சொல்லிக்கொண்டே என் வலது கையைப் பார்த்தான். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

உள்ளே சாவி.

மூன்று வாரம் கழித்து, கோட்டை ஆவணங்களில் யாரும் பிரிக்காத ஒரு காகிதக் கட்டுக்குள், கோட்டைப் பாதிரியார் அந்தக் காலத்தில் எழுதிய கடிதம் கிடைத்தது.

'கவர்னர் திறக்க மறுக்கவில்லை. இரவெல்லாம் சாவியைத் தேடி அழுதார். விடிந்ததும், அவர் விரல்களைப் பிரித்துத்தான் அதை எடுத்தோம்.'