நல்ல தண்ணீர் வரிசை

திரிபுரசுந்தரிக்கு முப்பத்தாறு வயது. அதில் ஆறு வருஷத்தை நெல் வேர் தின்றுவிட்டது. கேளம்பாக்கத்தில் பஸ் பிடித்துத் தாம்பரம் கல்லூரிக்கு வந்து, மொட்டைமாடிப் பசுமைக்குடிலில் வேகிற பிழைப்பு. "இன்னும் பிஎச்டி முடிக்கலையா?" என்று கேட்காத சொந்தக்காரர் பாக்கியில்லை.

மண் காய்ந்தாலோ உப்பேறினாலோ வேரில் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடும். தண்ணீர் கிடைக்கவில்லை, துளைகளை மூடு என்று இலைக்குத் தகவல் போகும். அதை அளக்க மூன்று வரிசைச் சட்டிகள்: ஒன்று காயப்போட்டது, ஒன்று உப்புக் கரைசல், ஒன்று ஒப்பிட்டுப் பார்க்க நல்ல தண்ணீர். நல்ல தண்ணீர் வேரில் அந்த ஹார்மோன் பேருக்குத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் முதல் இரண்டு தடவை வளர்த்து அளந்தபோதும் அது உப்பு வரிசையோடு போட்டி போட்டது. மிஷினைத் திட்டினாள், விதையை மாற்றினாள். "உனக்குக் கவனமே இல்லம்மா," என்றார் கைடு. மூன்றாவது தடவையும் நேற்று அதே கதை. இந்த மாதத்தோடு கடைசி நீட்டிப்பு முடிகிறது, இன்னொரு தடவை வளர்க்க நாளில்லை. ஆறு வருஷமும் நாசமாய்ப் போயிற்று!

தூக்கம் வராமல் இன்று முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். நாலு மாதமாகத் தினமும் ஆறு மணிக்குச் சட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற துப்புரவுப் பணியாளர் கன்னியம்மா, போர் குழாயில் பக்கெட் பிடித்து மூன்றாவது வரிசைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா! அதுக்குக் கேன் தண்ணிதானே ஊத்தச் சொன்னேன்?"

"குடிக்கிற தண்ணிய எவனாவது செடிக்கு ஊத்துவானா? அத்த உங்க ரூம் பானைல ஊத்திட்டேன்."

"தினமுமா? போர் தண்ணி உப்புக்கா! என் படிப்பே போச்சு!"

"எங்க வூட்ல நல்ல தண்ணி கொழந்தைக்கே அளந்துதான். மண்ணுல கொட்ட மனசு வர்ல." கன்னியம்மாவின் முகம் சுண்டிப்போனது. "இது இன்னாத்துக்குன்னு ஒரு நாளாவது சொன்னியாம்மா?"

சொல்லவில்லை. கத்த வாயெடுத்தவளுக்குத் தன் வீட்டுக் கறிவேப்பிலைச் செடி நினைவுக்கு வந்தது. அதற்கும் போர் தண்ணீர்தான். மாமியார் ஒருநாள் கேன் தண்ணீரை ஊற்றியதற்கு இவளே சண்டை போட்டிருக்கிறாள். வேர் மூன்று தடவையும் உள்ளதைத்தான் சொன்னது. இவள்தான் நம்பவில்லை.

அறைக்குப் போனாள். பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு குடித்தாள். நாலு மாதமாகத் தினமும் குடித்த அதே தண்ணீர்தான், துளி உப்பில்லை.