ஓட்டுக் கேட்கப் போன செருப்பு

எங்கள் ஊராட்சியைப் பெண்களுக்கு ஒதுக்கிய வருஷம் அத்தை தலைவர் பதவிக்கு நின்றாள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. ஜெயங்கொண்டம் கோர்ட்டில் வக்கீல். கறுப்புக் கோட்டும் கறுப்பு ஷூவுமாக அவள் ஸ்கூட்டியில் கிளம்பினால் டீக்கடை பெஞ்சில் கால்மேல் கால் போட்டிருப்பவர்கள்கூடக் காலை இறக்கிவிடுவார்கள். ஊரில் ஷூ போட்ட பொம்பளை அவள் ஒருத்திதான். அதில் அவளைவிட எனக்குத்தான் பெருமை அதிகம்.

"தண்ணித் தொட்டிக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் மனு எழுதி எழுதிக் கை ஓஞ்சு போச்சு. கையெழுத்துப் போடுற எடத்துல உக்காந்தாத்தான் வேல நடக்கும்" என்றுதான் அத்தை நின்றாள். அவளை எதிர்த்து நின்ற அம்மாளை ஓட்டு எண்ணுகிற நாள் வரைக்கும் நான் பார்க்கவே இல்லை. எல்லா வீட்டுக்கும் அவர் கணவரே மொடமொடவென்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார். வேட்டி புதிதா பழையதா என்று அவரை யாரும் கேட்கவில்லை.

கோட்டும் ஷூவுமாகவே ஓட்டுக் கேட்கப் போய்விடுவாளோ என்று அப்பாவுக்குக் கவலை வந்துவிட்டது. "கோட்டு போட்டாத்தான் கோர்ட்டுல மதிப்பான். அதையே போட்டுக்கிட்டு ஓட்டுக் கேட்டா, பெரிய மனுஷி வந்துட்டாடான்னு கதவச் சாத்திருவான்" என்றார். டவுனுக்குப் போய் ஒரு நூல் சேலையும் நீல வார் வைத்த ரப்பர் செருப்பும் வாங்கிவந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. நான் டியூஷனுக்குப் போய்விட்டேன். செருப்பு ரொம்பப் புதிதாக இருக்கிறதே என்று அப்பாவுக்கு அடுத்த கவலை. குழாயடிச் சேற்றை அள்ளி அதன்மேல் தேய்த்திருக்கிறார். பார்த்துக்கொண்டு நின்ற அத்தை, "ஏண்ணே, எலெக்சன்ல நிக்கிறது நானா, செருப்பா?" என்று கேட்டாளாம். "மொதல்ல செருப்பு. அப்பறம்தான் நீ" என்றாராம் அப்பா. இதையெல்லாம் அம்மா பிற்பாடு சொல்லித்தான் தெரியும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, முதல் நாள் ஓட்டுக் கேட்கக் கிளம்ப வேண்டும். விடிந்ததும் வாசலில் அந்தச் செருப்பைப் பார்த்தேன். எங்கள் அத்தை போய் இந்தச் சேற்றுச் செருப்போடு நாலு பேர் முன்னால் நிற்பதா? சோப்புத்தூள் போட்டு, பிரஷால் தேய்தேயென்று தேய்த்தேன். பள்ளிக்கூட ஷூவுக்குப் பூசுகிற சாக்பீஸையும் பூசினேன். கடையில் இருந்ததைவிடப் பளிச்சென்று ஆகிவிட்டது. அத்தை அவசரத்தில் குனிந்துகூடப் பார்க்காமல் மாட்டிக்கொண்டு நடந்தாள். நானும் ஒட்டிக்கொண்டேன்.

மேலத்தெருவில் முதல் வீடு ஒரு மக்காச்சோளக் கொல்லைக்காரம்மாவுடையது. கோட்டோடு எதிரே வந்தால் "வக்கீலம்மா, வாங்க" என்று எழுந்து நிற்கிறவர். அன்றைக்கு உட்கார்ந்தபடியே, "வா புள்ள, குந்து" என்றார். சேலையைப் பார்த்தார். அப்படியே பார்வை காலுக்கு இறங்கியது.

"செருப்பு புதுசாட்டம் இருக்கே! ஓட்டுக்குன்னு வாங்குனதா?"

அத்தை வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ஆமா, நேத்துதான் அப்பா வாங்குனாரு. யாரோ சேறாக்கிட்டாங்க. நான்தான் கழுவி வச்சேன்!"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பு அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். அத்தை முகத்தில் ஈயாடவில்லை. மத்தியானத்துக்குள், "வக்கீலம்மா வேஷம் கட்டிக்கிட்டு வருதாம்" என்று ஊர் முழுக்கப் பேச்சு. அதற்குப் பிறகு போன வீட்டிலெல்லாம் அத்தையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைத்தான் பார்த்தார்கள். தண்ணித் தொட்டியைப் பற்றி அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

கொஞ்ச ஓட்டில் தோற்றாள். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அத்தையை நான்தான் தோற்கடித்தேன் என்று போர்வைக்குள் அழுதேன். அத்தை மட்டும் திங்கட்கிழமை வழக்கம்போல ஷூவை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனாள்.

ஒரு வாரம் போயிருக்கும். அத்தை கோட்டைக் கையில் எடுக்கிற நேரத்தில் அந்தக் கொல்லைக்காரம்மா மஞ்சள் பையோடு வந்து நின்றார். பக்கத்துக் கொல்லைக்காரர் கம்பி வேலி போட்டு இவர் தன் நிலத்துக்குப் போகிற பாதையை அடைத்துவிட்டாராம்.

"நீங்கதாங்க வக்கீலம்மா பாத்துச் செய்யணும். ஒங்கள வுட்டா எனக்கு யாரு இருக்கா?"

ஓட்டுக் கேட்கப் போனபோது "வா புள்ள". இன்றைக்கு "நீங்க". எனக்கு வந்த ஆத்திரத்தில் பையைப் பிடுங்கித் தெருவில் எறியலாம் போல இருந்தது. அத்தை அவருக்கு நாற்காலி போட்டாள். ஒவ்வொரு காகிதமாகப் பிரித்துப் படித்து, எதிரே உட்கார்ந்து மனு எழுதினாள். கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டது.

அவர் போனதும் கேட்டேன். "அவங்க ஒனக்கு ஓட்டே போட்டிருக்க மாட்டாங்க. தெரியும்ல?"

"தெரியும். அதுக்காக? பாதை இல்லாம கொல்லைக்கு எப்படிப் போவாங்க?" என்றபடி அத்தை ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

சே, இந்த அத்தைக்கு ரோஷமே கிடையாது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். ஜெயித்திருந்தாலும் அவள் இதே வேலையைத்தான், இப்படியே நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் செய்திருப்பாள் என்பது எனக்கு எட்டவில்லை. ஊருக்கும்தான்.