பாதுகாப்புப் பெட்டியைக் கழற்றிய மதியம்

பத்தாவது வரை படித்தவன். எழுதத் துணிந்ததற்கு மன்னிக்கவும். துபாய் பக்கம் அஜ்மானுக்கு வெளியே பாலைவன கேம்ப் ஒன்றில், சுற்றுலா வருகிறவர்கள் தங்கும் கேரவன்களை நானும் என் அறைக்காரரும் பார்த்துக்கொள்கிறோம். நாங்கள் இருவரும் தங்குவதும் ஒரு பழைய கேரவனில்தான். கேம்ப் கரண்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் எங்கள் கேரவன் லைனில் மாட்டியிருக்கும் பாதுகாப்புப் பெட்டி மின்சாரத்தை நிறுத்திவிடும்.

அன்று வெயிலில் ஏசி நின்றதும் அறைக்காரர் கத்தினார்: "அண்ணாச்சி, பொட்டியக் கழட்டும்! அது ஏசியக் காப்பாத்துது, நம்மள அவிக்குது."

ஃபிரிட்ஜில் பால் டப்பாவுக்குப் பின்னால் என் இன்சுலினை ஒளித்து வைத்திருந்தேன். சர்க்கரை நோய் தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை. அப்போதும் சொல்லாமலே பெட்டியைக் கழற்றிக் கரண்டை நேரே கொடுத்தேன்.

சற்று நேரத்தில் கரண்ட் எகிறி ஃபிரிட்ஜ் கருகியது. சாயங்காலத்துக்குள் மருந்து சூட்டில் கெட்டது. ஊரிலிருந்து கொண்டுவந்தது அவ்வளவுதான்.

என் முகத்தைப் பார்த்து, "பால்தானே அண்ணாச்சி, விடும்" என்றார்.

மறுநாள் பெட்டியைத் திரும்ப மாட்டினேன்.